ஒரு சொட்டும் சிந்தாத கை

மூன்று முறையும் கார் ஒரே இடத்தில்தான் உயிரை விட்டது.

லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானத்தின் கடைசியில் ஒரு மேடு உண்டு. மேட்டின் பாதியில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு முழத்துக்கு மேல் பின்னால் உருளவிடாமல் மறுபடி கிளப்பி, உச்சிக்கு ஏறி இறங்க வேண்டும். இதுதான் டெஸ்டின் கடைசிப் பாகம். கார் எட்டு போடும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் கேட்கும். மேடு ஏறத் தொடங்கி, கோட்டுக்கு நாலு முழம் இருக்கும்போது இரண்டு தடவை இருமும், ஒரு தடவை குலுங்கும், அப்புறம் எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் மூச்சு விடாது.

“இருமல் ரெண்டு, குலுக்கல் ஒண்ணு,” என்று நோட்டைப் பார்த்து வாசித்தான் வால். “மாமா, இது டாக்டர்கிட்ட போக வேண்டிய கேஸு. வழி தவறி நம்ம மாடிப்படி ஏறிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியையும் துப்பாக்கியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹோட்டல் அடுப்படிகளில் கரப்பான் பூச்சியைத் தேடிப் பழகிய கண்ணை இப்போது குற்றவாளிகள் பக்கம் திருப்பியிருந்தார். வெளிச்சம் போட்டால் இரண்டும் ஓடும், ஆகவே தொழில் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. வால் அவருடைய மனைவியின் தம்பி. சின்ன வயசுச் சேட்டைக்காக வைத்த பட்டப்பேர் நாற்பது வயதிலும் அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உதவியாளன் என்று அவனே சொல்லிக்கொண்டான். அக்காவோ, வீட்டில் சும்மா இருப்பதை வெளியில் போய் இருக்கிறான் என்று சொன்னாள்.

வழக்கைக் கொண்டுவந்தவள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடுகிறவள். பதினோரு வருஷமாக வேன் கதவில் நிற்கிறாள். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளை எந்த வீட்டு நாயைப் பார்த்தால் அழும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகள் வேனக்கா என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிட்டது. அவளைவிட இரண்டு வயது மூத்த வாலும் அப்படியே கூப்பிட்டான்.

விஷயம் இதுதான். வேன் ஓட்டும் பெரியவர் இன்றோடு வேலையை விட்டுப் போகிறார். சின்ன வேன்தான், கார் லைசென்ஸ் போதும். இன்று மாலை நாலு மணிக்குள் லைசென்ஸ் டெஸ்டில் பாஸான சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் சாவி உனக்கு என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் நாளைக் காலை புது டிரைவர் வருகிறார். அவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறார், கதவில் நிற்பதற்கு. அதாவது, ஓட்டும் சீட்டும் இல்லை, பதினோரு வருஷம் நின்ற இடமும் இல்லை. இன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு நாலாவது டெஸ்ட்.

“மூணு தடவையும் நான் ஒரு தப்பும் பண்ணல சார்,” என்றாள். “யாரோ வண்டிக்கு என்னமோ பண்றாங்க. சித்தப்பா அந்த மீசைக்காரரைத்தான் சொல்றாரு.”

சித்தப்பா என்றால் அவளுக்குக் கார் கற்றுக்கொடுத்தவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், ஊருக்கு மாஸ்டர். மீசைக்காரர் என்றால் எதிர்த் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து குடையை எடுத்தார். முதலில் இறந்துபோன இடத்தைப் பார்ப்பதா, இறந்தவர் வீட்டைப் பார்ப்பதா என்று வால் கேட்டான். வீட்டைத்தான் என்றார்.

மாஸ்டரின் ஷெட்டுக்குள் போனதும் வாலுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒரு சுத்தம். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தில் கறுப்புக் கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குள் அதை மாட்டியிருந்தார். துடைக்கும் துணிகள் பன்னிரண்டு, இஸ்திரி போட்டு, மடித்து, ஓரத்தில் எண் தைத்து அலமாரியில் இருந்தன. நடுவில் அந்தப் பழைய டீசல் கார், பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் மினுமினுத்துக்கொண்டு நின்றது. மாஸ்டரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்.

துப்பறிகிறவர்கள் வந்திருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி. மீசைக்காரரை எந்தச் சட்டத்தில் பிடிக்கலாம் என்றுகூட அவர் யோசித்து வைத்திருந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் மீசையைப் பற்றிக் கேட்காமல் காரைப் பற்றிக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், மாஸ்டர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மெக்கானிக்கின் கையும் இந்த வண்டியில் பட்டதில்லை. காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவ வேண்டும். முதல் தடவை தெரியும் அளவை நம்பக் கூடாது. துடைத்துவிட்டு மறுபடி முழுக்க விட்டு, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கிறவன் முகத்தை மறந்துவிட வேண்டியதுதான். காற்று வடிகட்டியைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தட்ட வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, வாஸ்லின் தடவ வேண்டும். எல்லாம் சரியான பேச்சு. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். வால் கொட்டாவியை மென்று விழுங்கினான்.

“உங்க வண்டிக்கு இருக்கிற ராஜ உபசாரத்துல பாதி எனக்குக் கிடைச்சா நான் பத்து கிலோ ஏறிடுவேன் மாஸ்டர்,” என்றான்.

“மனுசனுக்கு எதுக்கு? திட்டினா ஓடுவான். வண்டி ஓடாது,” என்றார் மாஸ்டர். அதைச் சொன்ன முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

பிறகு ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். டெஸ்டுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தேதி, ஆள், வண்டிக்குச் செய்த பராமரிப்பு, முடிவு. பராமரிப்புக் கட்டத்தில் பெரும்பாலும் ‘சாதாரணம்’ என்று இருந்தது. சில வரிகளில் மட்டும் சிவப்பு மையில் ‘விசேஷம்’.

விசேஷம் என்றால் என்ன என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மாஸ்டர் கொஞ்சம் வெட்கப்பட்டார். வேண்டியவர்கள் டெஸ்டுக்குப் போகும்போது, மைதானத்திலேயே, அவர்கள் முறைக்குச் சற்று முன்னால், தன் கையால் புது டீசல் ஃபில்டர் மாட்டிவிடுவாராம். புது ஃபில்டர் போட்ட எஞ்சினின் முதல் மூச்சு வேண்டியவர்களுக்கு என்று ஒரு பிரியம். எல்லோருக்கும் செய்வதில்லை. இதுவரை ஐந்து தடவைதான் செய்திருக்கிறார். மருமகனுக்கு ஒரு தடவை. பாங்கு மேனேஜரின் மனைவிக்கு ஒரு தடவை. வேனக்காவுக்கு மூன்று தடவை.

“என் கையால மாத்தினா ஒரு சொட்டு கீழ விழாது சார். நீங்க வந்து பாருங்க.”

வால் தோளுக்கு மேலாக எட்டி முடிவுக் கட்டத்தைப் படித்தான். சிவப்பு மை வரிகள் ஐந்திலும் ‘ஃபெயில்’. மற்றவர்களின் பேருக்குப் பக்கத்தில் மாஸ்டர் தன் அபிப்பிராயத்தையும் எழுதியிருந்தார். ‘மண்டு.’ ‘கிளட்சைக் கொன்றவன்.’ ‘மாட்டுவண்டிக்கு லாயக்கு.’ இவர்கள் அத்தனை பேரும் பாஸ்.

“மாமா,” என்று காதோடு சொன்னான், “இவர்கிட்ட பாஸாகணும்னா நல்லாத் திட்டு வாங்கணும் போல. பாசம் வச்சுட்டாருன்னா ஆள் காலி.”

இன்ஸ்பெக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். கழற்றிய பழைய ஃபில்டர்கள் எங்கே என்று கேட்டார். அவையும் தனித்தனிப் பையில், தேதி ஒட்டி, வரிசையாக இருந்தன. அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் விசித்திரம். ஃபில்டர் மாற்றும்போது கீழே விரித்த துணிகளைப் பார்க்க வேண்டும் என்றார். ஒன்றாம் எண் முதல் ஐந்தாம் எண் வரை என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார் இன்ஸ்பெக்டர். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

வாலுக்கு உடனே தூக்கம் கலைந்தது. மாமா எதையாவது மோந்து பார்த்துவிட்டார் என்றால் வழக்கில் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.

தெருவுக்கு வந்ததும் வால் தன் துப்பை முன்வைத்தான். உதிரிபாகக் கடைக்காரனும் மீசைக்காரனும் கூட்டு. கடைக்காரன் மாஸ்டருக்குப் போலி ஃபில்டரை விற்கிறான். போலி ஃபில்டர் மேட்டில் அடைத்துக்கொள்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரே வரியில் அதைக் கவிழ்த்தார். அப்படியானால் ஃபெயிலான மறுநாளும் அதே போலி ஃபில்டர்தானே வண்டியில் இருக்கிறது, மறுவாரம் ‘மண்டு’ எப்படிப் பாஸானான்?

வால் அதற்குப் பிறகு மைதானம் வரும்வரை பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அது நீண்ட தூரம்.

மைதானத்தில் ஒரு மணிக்கே கூட்டம் சேர்ந்திருந்தது. டெஸ்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள்போல் நின்றார்கள். மீசைக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மீசை இருந்ததுதான், ஆனால் பயமுறுத்துகிற மீசை இல்லை, மேலுதட்டுக்குக் குடை பிடித்த மாதிரி ஒரு மீசை. அவருடைய காரின் முன்பக்க பம்பர் கம்பியால் கட்டியிருந்தது. முழங்கை வரை கை கறுப்பு.

வால் உதவியாளனுக்கு உரிய மிடுக்குடன், மூன்று டெஸ்ட் நாளிலும் அவர் எங்கே இருந்தார் என்று விசாரித்தான். இதே வாளிமேல்தான் என்றார் மீசைக்காரர். மாஸ்டரின் காரை எப்போதாவது தொட்டதுண்டா என்றான். தொட்டதுண்டு என்று அவர் சொன்னதும் வால் நோட்டைத் திறந்தான். நாலு மாசத்துக்கு முன்னால் தன் வண்டியில் கிளட்ச் போய்விட்டதாம். அடுத்த ஆட்களை எதில் டெஸ்ட் எடுப்பது என்று அதிகாரி கத்தினாராம். மாஸ்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே சாவியை நீட்டினாராம்.

“என் ஆளுங்க மூணு பேரு அந்த வண்டியில ஏறினாங்க, மூணு பேரும் பாஸு. தங்கமான வண்டி. அதுல ஏன் அவரு சொந்தக்காரங்க மட்டும் கவுந்துபோறாங்கன்னு என்கிட்ட கேக்குறீங்களா?”

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கை துடைக்கும் துணியைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

மீசைக்காரர் இடுப்பில் செருகியிருந்த கந்தலை உருவிக் கொடுத்தார். எந்த நிறத்தில் பிறந்த துணி என்று அதைப் பெற்ற தாய்க்கே தெரியாது. டீசலில் ஊறி, பிழிந்தால் விளக்கு எரியும் நிலையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, பூவை மோந்தவர்போல. பிறகு மீசைக்காரரின் காதருகே குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். வால் கழுத்தை எவ்வளவு நீட்டியும் அது விழவில்லை. மீசைக்காரர் முதலில் விழித்தார். பிறகு வாளி ஆடும்படி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்ன மாமா சொல்றாரு?”

“மாப்ளே, மணி என்ன?”

ஒன்று நாற்பது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். மைதானத்தின் அந்த ஓரத்தில், நிழலில், காரின் பானெட் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று அதற்குள் குனிந்திருந்தது. அறுபத்து மூன்று வயதில் மாமா ஓடுவதை வால் அன்றுதான் பார்த்தான். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. பழைய ஃபில்டர் பைக்குள் போய்விட்டது. புது ஃபில்டர் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் ஆறாம் எண் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி காட்டினார். பக்கத்தில் வேனக்கா, காலையில் இஸ்திரி போட்ட சேலையில், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பாருங்க சார். ஒரு சொட்டு? பாப்பாவுக்காக இன்னிக்கு இன்னும் கவனமாப் பண்ணினேன்.”

“பாத்துட்டேன்,” என்றார் இன்ஸ்பெக்டர், மூச்சு வாங்கியபடி. “முப்பது வருசம் அடுப்படி பாத்தவன் நான். அழுக்கா இருக்கிற அடுப்படியில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். பளபளன்னு இருக்கிற அடுப்படியப் பாத்தாத்தான் பயம். அங்க சமையலே நடக்கலைன்னு அர்த்தம். அந்தத் துணியும் அப்படித்தான் மாஸ்டர். டீசல் ஃபில்டரை மாத்தின துணி வெள்ளையா இருக்கவே முடியாது. இருந்தா, பாதி வேலைதான் நடந்திருக்கு.”

பாதி வேலை எது என்று வால் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். புது ஃபில்டர் உள்ளே காலியாக இருக்கும். காலி என்றால் காற்று. மாட்டிய பிறகு மேலே இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, கைப் பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை வழிந்து, கொப்பளித்து, கடைசியில் குமிழி இல்லாத சுத்த டீசலாக வடிய வேண்டும். அப்போதுதான் ஸ்குரூவை மூட வேண்டும். இதற்கு ஏர் எடுப்பது என்று பேர். ஏர் எடுத்தால் துணி நனையும், கை நனையும், எஞ்சின் முழுக்க வழியும்.

மாஸ்டருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஏர் எடுத்தேனே என்றார். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால், முதல் நுரை எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டாராம். வழியவிட்டால் எஞ்சின் பாழாகிவிடாதா? அந்த ஒரு நொடியைப் பிடிப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது என்று அவர் இருபது வருஷமாக நம்பியிருந்தார். மற்ற நாட்களில் ஷெட்டில் வைத்து மாற்றும்போது, வண்டி ஒரு தடவை நின்று, பத்துத் தடவை சாவி திருகி, மறுபடி பம்ப் அடித்துக் கிளம்பிவிடும். புது ஃபில்டர் பழக நேரமாகிறது என்று நினைத்துக்கொள்வார். மைதானத்தில் அப்படி நேரம் கிடையாது. பம்பில் மிச்சமிருக்கும் டீசலில் எட்டு போட்டுவிடலாம், ரிவர்ஸ் போட்டுவிடலாம். மேட்டில் மிதித்ததும் எஞ்சின் கூடுதலாகக் கேட்கும். டீசல் வர வேண்டிய இடத்துக்குக் காற்று வரும். இருமல் இரண்டு, குலுக்கல் ஒன்று.

மாஸ்டர் துணியைத் தாழ்த்தினார்.

“அப்ப பாப்பாவை மூணு தடவையும்…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

வால் வாயைத் திறந்தான். கொலைகாரனே பிணத்துக்கு மாலை வாங்கி வந்த கதை என்று ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முழுங்கினான்.

மைதானத்தின் நடுவில் அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு அடுத்தது வேனக்கா. பத்து நிமிஷம் இருக்கலாம்.

மீசைக்காரரும் இதற்குள் வந்து சேர்ந்திருந்தார். பத்தடி தள்ளி நின்று, வானத்தைப் பார்த்து, திரும்ப ஏர் எடுத்துவிட்டால் ஐந்து நிமிஷத்து வேலை என்று பொதுவாக அறிவித்தார். மாஸ்டர் வாலைப் பார்த்து, அது எனக்குத் தெரியும் என்று சொல்லச் சொன்னார். வால் நடுவில் நின்று சொன்னான். தெரிந்தால் ஏன் நிற்கிறாராம் என்று கேட்கச் சொன்னார் மீசைக்காரர். வால் அதையும் கேட்டான். இரண்டு பேரும் ஒருவர் பேசுவதை ஒருவர் நன்றாகவே கேட்டுக்கொண்டு, வாலின் வாய் வழியாக வருவதற்காக மரியாதையோடு காத்திருந்தார்கள்.

“இத்தனை நாளா தெரிஞ்சிருந்தா அவரு ஏன் சொல்லலையாம்?” என்றார் மாஸ்டர்.

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பானெட்டை மூடிட்டுத்தான் நிமிருவாரு. ஃபில்டர் மாத்தின துணி வெள்ளையா இருக்குமான்னு இந்த சார் காதுல கேட்டப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு,” என்றார் மீசைக்காரர். கொஞ்சம் நிறுத்தி, “கேட்டிருந்தா வந்து பாத்திருப்பேன். கேக்கலை,” என்று சேர்த்துக்கொண்டார். அதை வால் மறுபடி சொல்லத் தேவைப்படவில்லை.

மாஸ்டர் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். ஸ்குரூவில் வைத்தார். பளபளக்கும் எஞ்சினைப் பார்த்தார். கை நகரவில்லை. இருபது வருஷப் பெருமையைப் பத்துப் பேர் பார்க்க வழியவிடுவது லேசில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோய், கீழே தட்டு வைத்து, குழாய் மாட்டி, நிதானமாகச் செய்யலாம், அடுத்த வாரம் ஐந்தாவது டெஸ்டுக்குத் தேதி வாங்கிவிடலாம் என்று முணுமுணுத்தார்.

“அடுத்த வாரம் நான் எந்தக் கதவுல நிப்பேன் சித்தப்பா?” என்றாள் வேனக்கா.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“தள்ளுங்க.”

ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கி ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். கைப் பம்பை அமுக்கினாள். நுரை புஸ்ஸென்று எழுந்து ஃபில்டரின் மேல் வழிந்தது, அங்கிருந்து எஞ்சின்மேல், அங்கிருந்து தரையில். மாஸ்டர் தன்னையறியாமல் ஆறாம் எண் துணியோடு பாய்ந்தார். மீசைக்காரர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அமுக்கு, நிறுத்தாதே, குமிழி வருகிறதா பார் என்று அருகே வந்து கத்தினார். பதினோரு வருஷம் பிள்ளைகளை ஒற்றைக் கையால் தூக்கி ஏற்றிய கை, பம்பை விடாமல் அமுக்கியது. நாற்பது, ஐம்பது அமுக்கு. நுரை மெலிந்தது. நூல் மாதிரி தெளிந்த டீசல் வந்தது. அவள் மாஸ்டரைப் பார்த்தாள்.

“இன்னும் நாலு,” என்றார் மாஸ்டர். “இப்ப மூடு. அமுக்கிக்கிட்டே மூடணும், பாப்பா.”

மூடினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது, ஒரு தடுமாறல்கூட இல்லாமல். சேலையில் தொடை வரை டீசல். மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் உலகப்படம்போல ஒரு கறை.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

வழக்கு முடிந்தது என்று வால் நோட்டை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். வேனக்கா ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னக்கா, வண்டிதான் சரியாயிடுச்சே.”

“அதுதான் அண்ணே பயமா இருக்கு,” என்றாள் தாழ்ந்த குரலில். “ஊருல வேற மேடே கிடையாது. மூணு தடவையும் அந்தக் கோட்டை நான் தொட்டதே இல்ல. இதுவரைக்கும் வண்டி நின்னுச்சு. இன்னிக்கு நின்னா, நிறுத்தினது நான்.”

வால் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தான். அவள் ஏறினாள்.

எட்டு நன்றாக வந்தது. ரிவர்ஸ் நன்றாக வந்தது. கார் மேட்டுப் பக்கம் திரும்பியது. மாஸ்டர், மீசைக்காரர், இன்ஸ்பெக்டர், வால் நான்கு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். கோட்டுக்கு நாலு முழம். வால் இருமலை எதிர்பார்த்தான். எதிர்பார்த்த இருமல் மீசைக்காரரிடமிருந்து வந்தது. கார் கோட்டைத் தொட்டு, நின்றது.

இப்போது கிளம்ப வேண்டும். கிளட்ச் மேலே வர வேண்டும், கைப் பிரேக் இறங்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கார் பின்னால் உருண்டது. ஒரு சாண். மாஸ்டரின் வலது கால் மண்ணை ஓங்கி மிதித்தது, அங்கே பிரேக் இருப்பதுபோல. எஞ்சின் குரல் தாழ்ந்தது, சாகப்போகிற மாதிரி தாழ்ந்தது, பிறகு அவள் மிதித்த மிதிக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தாற்போல உறுமியது. சக்கரம் மண்ணைப் பிடித்தது. கார் உச்சிக்குப் போய், மறுபக்கம் இறங்கி, கண்ணுக்கு மறைந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. மீசைக்காரர் மட்டும் மாஸ்டரின் பக்கம் பார்க்காமலே, “கிளட்சை நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க,” என்றார். ஒன்பது வருஷத்தில் நேராக வந்த முதல் பேச்சு. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அதிகாரி காரிலிருந்து இறங்கி, கால்சட்டையில் பட்ட டீசலை முறைத்துக்கொண்டே சீட்டை நிரப்பினார். ஓட்டுநர் என்ற கட்டத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். வாகனத்தின் நிலை என்ற கட்டத்தில் ‘பராமரிப்பு போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். இருபது வருஷத்தில் அவருடைய வண்டிக்குக் கிடைத்த முதல் கெட்ட பேர் அது. சீட்டை மடிப்புக் கலையாமல் வேனக்காவிடம் கொடுத்தார்.

ஆபீஸில் முத்திரை வாங்கி வருவதற்குள் மணி மூன்றே கால். பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. நடந்தால் நாலரை ஆகும். இன்ஸ்பெக்டரும் வாலும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். மாஸ்டர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வேனக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கற்றுக்கொடுக்கிறவருக்கென்று அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் இருந்த பாதத்தை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கி, சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“போ, பாப்பா,” என்றார்.